உலகம்மாளின் வலது கால்

உலகம்மாள் புதிய தலைமை அதிகாரியாகத் தன் அறைக்குள் வலது காலை எடுத்து வைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஏழாம் மாடியே திரண்டு நின்று கைதட்டிக்கொண்டிருந்ததால், அவள் பாதத்திலிருந்து வேர் இறங்கிய சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. எந்தப் புது வாசலுக்கும் வலது கால்தான் முதலில், அதுவும் வெறுங்கால்தான் என்று தென்காசியில் அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அதனால் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள், அதற்கும் சிரித்துக் கைதட்டினார்கள். பின்னாலேயே இடது காலை எடுத்து வைத்தாள், வந்தது. மறுபடியும் வலது காலை எடுத்தாள், வரவில்லை.

கேக்கைச் சாப்பிட்டுக் கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்று எல்லாரிடமும் கை குலுக்கினாள். பிறகு உதவியாளர்ப் பெண் மண்டியிட்டுப் பார்த்தாள். பாதத்தின் விளிம்பெல்லாம், ஈர வெங்காயத்தின் அடியில் இருக்குமே அதைப் போல, வெள்ளையாக மெல்லிய வேர்கள் கிளம்பிக் கம்பளத்துக்குள் போயிருந்தன. "வேர் விட்டிருக்கிறது" என்றாள், பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். கட்டடப் பராமரிப்பு ஆட்கள் வந்து கம்பளத்தை வட்டமாக வெட்டி எடுத்தார்கள். ஒருவர் டார்ச்சோடு மாடி மாடியாகக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேர் தூணுக்குள்ளேயே இறங்கிக் கார் நிறுத்தும் அடித்தளம் வரைக்கும் போயிருக்கிறது, நல்லவேளை தூணில் விரிசல் இல்லை என்றார்.

எலும்பு மருத்துவர் வந்து வேரின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். நாடி இருந்தது. "வேரை வெட்டினால் ரத்தத்தை நிறுத்த முடியாது. கணுக்காலுக்கு மேலே காலையே எடுத்தால் கட்டி நிறுத்திவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அதற்குள் அவள் கணவர் தெய்வநாயகம், கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், சட்டையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியோடு வந்து சேர்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்த வருசம் பாப்போம்" என்றாள் உலகம்மாள்.

அது அவளுக்குப் பழகின சொல். தென்காசியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்து, பொறியியல் படித்து, நூற்றாண்டு முடியும்போது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று உலகம் நடுங்கிய காலத்தில், அதைச் சரிபண்ணக் கப்பலேற்றாத குறையாக ஆட்களைக் கொண்டுபோனார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கலிபோர்னியா வந்தவள் அவள். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டியை இறக்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். அவள் அங்கே ஒரு ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, பிறகு ஜன்னலோரத்து மேஜைக்குப் போய், பிறகு கண்ணாடி அறைக்குப் போய், ஒவ்வொரு படியிலும் "இந்த விசா முடியட்டும், இந்த வேலை முடியட்டும், அடுத்த வருசம் ஊருக்கு வந்துருதேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே ஏறினாள். அப்பா செத்துப்போனபோது அவளுடைய பாஸ்போர்ட் முத்திரைக்காக ஏதோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். போகவில்லை. அவள் பெயரை வாய்க்கு அடங்காமல் வெள்ளைக்காரர்கள் யூலா என்று சுருக்கினார்கள், அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேர் விட்ட மறுவாரமே கம்பெனி அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. இப்படி நடக்கக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை என்று மனிதவளத் துறை கண்டுபிடித்துச் சொன்னது. அவள் வாசலிலிருந்து ஓரடி உள்ளேதான் நின்றாள் என்பதால் கதவைக் கழற்றினார்கள், மேஜையை அவளிடத்துக்கு நகர்த்தினார்கள், சுவரை இடித்து அவளைச் சுற்றி அறையைப் புதிதாகக் கட்டினார்கள், சாய்ந்தால் கட்டிலாகிற ஒரு நாற்காலியைச் செய்துகொண்டு வந்தார்கள். மற்ற காரியங்களுக்குத் திரையும் வசதியும் செய்தார்கள், அதைப் பற்றி விரிவாகப் பேச அவளுக்குப் பிடிக்காது. முளையில் கட்டின மாடு எவ்வளவு தூரம் சுற்றுமோ அவ்வளவு தூரம் இடது காலால் அவள் சுற்றிவர முடிந்தது. இயக்குநர் குழுவின் தலைவர் கார்மோடி, வெள்ளைப் புருவமும் மெத்தென்ற குரலும் உள்ள மனிதர், வந்து அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "யூலா, இப்படி ஒரு அர்ப்பணிப்பை நான் பார்த்ததே இல்லை" என்றார். பங்குச் சந்தைக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில், இந்தத் தலைவர் வேறு கம்பெனிக்குத் தாவவே முடியாது என்று சொன்னார், அன்றைக்கே கம்பெனியின் மதிப்பு ஏறியது.

தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் பூங்கொத்தோடு பார்க்க வந்தார்கள். அதில் ஃப்ரீமாண்டிலிருந்து வந்த ஒருத்தி, கிரீன் கார்டுக்குக் காத்துக் காத்துத் தலை நரைத்துப்போனவள், யாரும் எதிர்பார்க்காதபோது கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து உலகம்மாளின் கணுக்காலில் கட்டி, கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவளுக்குக் கார்டு வந்துவிட்டது. அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் வரவேற்பறையிலிருந்து லிஃப்ட் வரை வரிசை நின்றது. விசா நீட்டிப்புக்குக் கட்டினவர்கள், பிள்ளை வரத்துக்குக் கட்டினவர்கள், மாமியார் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டுமென்று கட்டினவர்கள். தெலுங்குக்காரர்கள் வந்தார்கள், குஜராத்திகள் வந்தார்கள், ஒரு சீனப் பெண் சிவப்புக் கயிறு கொண்டுவந்தாள். காவலாளிகள் பார்வையாளர் அட்டை அச்சடித்து மாளவில்லை. கேண்டீனில் சனிக்கிழமை தோறும் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். கயிற்றுக்குக் கீழே அவள் கணுக்கால் தெரியாமல் போயிற்று. "நான் ஒண்ணும் சாமி இல்ல" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எந்தச் சாமி தன்னைச் சாமின்னு சொல்லிக்கிடுது?" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண்.

தென்காசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அமெரிக்க மண்ணில் வேரூன்றிய வீரத் தமிழச்சிக்கு வாழ்த்துகள் என்று அவள் படத்துக்குக் கீழே எட்டுப் பேர் கைகூப்பி நின்றார்கள். தங்கை பேச்சி மட்டும் போனில் கேட்டாள்: "அது கிடக்கட்டும். ஆணி அடிச்ச மாதிரியாக்கா நிக்க?"

"அப்படித்தான்."

"வலிக்கா?"

"இல்ல. வலிக்கல."

வலிக்கவில்லை என்பது உண்மைதான். மாலை எல்லாரும் போன பிறகு, ஆள் நடமாட்டம் இல்லையென்று ஏழாம் மாடியின் விளக்குகள் தாமாக அணைந்துவிடும். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவளைப் போல அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினால் ஒரு வரிசை விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அணையும். தெய்வநாயகம் முதலில் தினமும் சாப்பாடு கொண்டுவந்தார், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வார இறுதிகளில். "நீ எங்க இருப்பேன்னு தெரியும் பாரு, அது ஒரு நிம்மதி உலகு" என்று ஒருநாள் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். ஏழாம் வகுப்பில் இருந்த மகள் ஆதிரை, அம்மாவின் வேர் விட்ட காலில் சாய்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பள்ளிக்கூடம் முடிந்து சிகாகோவுக்குப் படிக்கப் போகிறபோது பெட்டியோடு ஏழாம் மாடிக்கு வந்து கட்டிப்பிடித்துவிட்டு, "ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம்மா" என்றாள். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தது வேறு மாதிரியாகப் போய்விட்டது. லிஃப்ட் கதவு மூடுகிற வரை இரண்டு பேரும் சிரித்தபடியே இருந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கார்மோடி வந்து எதிரே உட்கார்ந்து, கடலில் வியாபாரம் குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்க வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். யார் யார் என்று உலகம்மாள் கேட்டாள். சொன்னார்கள். அதில் பாதிப் பேர் விசாவில் இருப்பவர்கள். வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்படியானால் சொல்லக்கூடிய ஒருவரை நாங்கள் தேட வேண்டும். அவர் இதைவிட அதிகம் பேரை அனுப்பலாம். நீங்களோ எங்கும் போக முடியாது, யூலா. அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு இங்கேயே நிற்க வேண்டியிருக்கும்." அவர் மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார்.

அவள் அன்று மதியம் வரைக்கும் தன் வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். தெய்வநாயகத்துக்குப் போன் போட்டாள். "நீ இருந்தா மிச்சப் பேரையாவது காப்பாத்தலாம்லா" என்றார் அவர். நாம் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்: உலகத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர், அவளும் போட்டாள். எழுதிக் கொடுத்ததைக் கேமராவைப் பார்த்து வாசித்தாள். கனத்த இதயத்துடன் என்று அதில் இரண்டு இடத்தில் வந்தது.

போனவர்களில் ரஹ்மத் நிஷாவும் ஒருத்தி. காயல்பட்டினத்துக்காரி, கயிறு கட்டியவள் இல்லை, தினமும் மதியம் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, தலைமை அதிகாரி என்று பார்க்காமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அவள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், இவளையும் அப்படித்தான் கூப்பிடுவாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"ரஹ்மத், நான்..."

"ஒண்ணும் சொல்லாதீங்க லாத்தா. சொன்னா நான் பதில் சொல்ல வேண்டிவரும்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கயிறுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கு வேரு பிடிச்சிருக்கு. எங்களுக்கு ரெண்டு மாசத் தவணை. அவ்வளவுதான வித்தியாசம்?" பிறகு குனிய முடியாமல் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். உலகம்மாளால் எட்டிப் பிடித்துத் தூக்கிவிட முடியவில்லை. ஓரடி தள்ளி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வரிசை வேறு மாதிரி இருந்தது. கத்தரிக்கோலோடு வந்தார்கள். சண்டை போடவில்லை, திட்டவில்லை. அவரவர் கயிற்றைத் தேடிக் கண்டுபிடித்து, வெட்டி, பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். அடையாளம் தெரியாமல் போன சிலர் குத்துமதிப்பாக ஒன்றை வெட்டினார்கள். கேண்டீன்காரர் பொங்கலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்குத் தன் கணுக்கால் தெரிந்தது. நீரில் ஊறினது போல வெளுத்துச் சுருங்கி, யாருடையதோ போல இருந்தது.

அப்போதுதான் பேச்சி வந்தாள். புருஷன் செத்த பிறகு செங்கோட்டையில் அவனுடைய மரவாடியை எடுத்து நடத்துகிறவள் அவள், நான்கு தடவை விசா மறுத்து ஐந்தாவது தடவை கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாடிக்கு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேரை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வைரம் பாஞ்சுட்டு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "யக்கா, உண்மையைச் சொல்லு. நீ இங்கயிருந்து வரணும்னு நெனைக்கியா?"

வேர் விட்ட நாளிலிருந்து மருத்துவர், கம்பெனி, கணவர், மகள், கயிறு கட்டினவர்கள், வெட்டினவர்கள் என்று எத்தனையோ பேர் எவ்வளவோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை. உலகம்மாள் தங்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வேருன்னு சொன்னாங்க பாரு, பேச்சி, எனக்கு முதல்ல என்ன தோணிச்சுன்னு நெனைக்க? அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த வருசம் வந்துருதேன், அடுத்த வருசம் வந்துருதேன்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேம்லா. இனிமே அதைச் சொல்ல வேண்டாம். போகவா இருக்கவான்னு யோசிக்க வேண்டாம். யாரோ எனக்காக முடிவு பண்ணிட்டாங்க. அதான் காலை எடுக்க விடல."

பேச்சி கோபப்படவில்லை. "இப்ப?"

"இப்ப மூச்சு முட்டுது."

"அப்ப நான் வந்த காரியம் ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையிலிருந்து சேவும் மிக்சரும் எடுத்து வைத்தாள்.

பேச்சி இருக்கும்போதே கார்மோடி இரண்டாவது தடவை வந்தார். மறுபடி ஆட்குறைப்பு, மறுபடி கேமரா, மறுபடி கனத்த இதயம். உலகம்மாள் தாளை வாங்கிப் படித்தாள், மடித்தாள், கேமரா ஓடத் தொடங்கியதும் வட்டத்தின் விளிம்புவரை வந்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேஜைகளில் இருந்தவர்களையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் நோக்கி, "இன்றைக்கு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் உங்களில் பலருடைய பெயர் இருக்கிறது. போன தடவை வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. இந்தத் தடவை வாசிக்க மாட்டேன்" என்றாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டுவதா, பெட்டியைத் தேடுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கேமராவை நிறுத்தினார்கள்.

ஒரு வாரம் யாரையும் அனுப்பவில்லை. பிறகு அவளுக்குப் பதில் வேறொருவரை நியமித்தார்கள். அவர் ஐந்தாம் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, அந்தத் தாளை அழகாக வாசித்தார். "நீங்கள் விரும்புகிற வரைக்கும் இங்கே இருக்கலாம், யூலா. இந்த இடத்தின் வரலாறு நீங்கள்" என்று கார்மோடி பெருந்தன்மையோடு சொன்னார். அவளுடைய அடையாள அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதனால் பெரிய நஷ்டமில்லை, அவள் எந்தக் கதவையும் திறக்கப்போவதில்லை.

காலை எடுத்துவிடலாம் என்று அவள் மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ஏழாம் மாடியில் கூடாரம் போல் பிளாஸ்டிக் கட்டி, அதே எலும்பு மருத்துவர் ஆட்களோடு வந்து காலை எடுத்தார். அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது பேச்சி தலைமாட்டில் நின்று, "எங்க மரவாடியில எத்தனையோ தடி அறுத்திருக்கேன், ஒருநாளும் கை நடுங்கினதில்ல" என்றாள், அக்காவின் தலையணையை மூன்றாவது தடவையாகச் சரிபண்ணிக்கொண்டே. தெய்வநாயகம் இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. தூக்குப் படுக்கையில் கீழே இறக்கி, வாசலைத் தாண்டினபோது வெயில் முகத்தில் அடித்தது. அரை மயக்கத்தில் இருந்த உலகம்மாள் கையைத் தூக்கி ஆட்டினாள், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிப் பேச்சி அந்தக் கையை இறக்கிவைத்தாள்.

பாதம் அங்கேயே இருந்தது. எடுத்தால் தூணுக்கு ஆகாது என்று பராமரிப்பு ஆட்கள் சொன்னார்கள். அது வாடவில்லை, கறுக்கவில்லை. கம்பெனி அதைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி செய்து, சின்னதாக ஒரு விளக்கும் போட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை முதல் நாள் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

காயம் ஆறியதும் அவள் பேச்சியோடு தென்காசிக்குப் போனாள். ஊரே வந்து பார்த்தது. வேரோடு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சிலருக்குக் குறைதான். இருந்தாலும் அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது, மரவாடியின் ரம்பச் சத்தமும், மதியத் தூக்கமும், கட்டைக் காலோடு தெருவில் நினைத்த பக்கம் திரும்புகிறதும். ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரமானால், அங்கே விடிந்து ஆட்கள் வேலைக்கு வருகிற நேரம், இல்லாத பாதத்தில் உணர்ச்சி வந்தது. நாற்காலி இழுபடுகிற அதிர்வு. கம்பளத்தின் மேல் ஏசிக் குளிர். யாரோ அவசரமாக நடக்கிறார்கள், யாரோ நின்று யோசிக்கிறார்கள். வெட்டின கால் அரிக்கும், வலிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் பேச்சி இலையில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது பாதத்துக்குள் எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் நின்றது. பிறகு ஒரு ஆள் மெதுவாக லிஃப்டை நோக்கி நடந்தார், பாரம் சுமக்கிற நடை. பிறகு இன்னொரு ஆள்.

அவள் சாப்பிடாமல் எழுந்துபோய்க் கணவருக்குப் போன் செய்தாள். தெய்வநாயகம் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா உலகு. பெட்டியோட வந்துகிட்டிருக்காங்க" என்றார்.

"அப்ப நான் அங்க வரணும்."

"இப்பத்தான விட்டுட்டுப் போன?"

"எங்க விட்டேன்?" என்றாள்.

பேச்சி தடுக்கவில்லை. அக்காவின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே, "மனுசருக்கு ரெண்டு காலும் ஒரே ஊர்ல இருக்கணும்னு எழுதியா வச்சிருக்கு?" என்றாள், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

கலிபோர்னியா திரும்பியதிலிருந்து, பாதம் அமைதியாகிற நாட்களில், தெய்வநாயகம் வண்டியை ஓட்ட, அவள் கம்பெனி வாசலுக்கு எதிர்ப்புறம் சாலையில் போய் நின்றாள். கல்லூரியை விட்டுவிட்டு அவருக்கும் இதுவே வேலையாகிவிட்டது. வெளியே வருகிறவர்களில் கார் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுவாள், தெரிந்த வக்கீல்களிடம் பேசிவிடுவாள், சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளில் அந்த நீல நிறக் கார் வந்து நின்றாலே ஏழு மாடியிலும் போன்கள் சிணுங்கத் தொடங்கின: அம்மா வந்துட்டாங்க. முன்பு கயிறு கட்டக் காத்து நின்ற அதே ஆட்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, காரைக் கண்டதும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சிலர் அவள் வருவதால்தான் வேலை போகிறது என்றார்கள். வாசலில் காரைக் கண்டால் திரும்பிப் போய்விட்டு வேறு வழியாக வந்தார்கள். கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பினார், சாலை நகராட்சியுடையது என்று பதில் போயிற்று. கடைசியில் கார்மோடியே ஒருநாள் சாலையைக் கடந்து வந்தார்.

"யூலா, நீங்கள் இங்கே நிற்பதால் ஆட்கள் பயப்படுகிறார்கள்."

"நான் நிற்காவிட்டால் பயப்பட மாட்டார்களா?"

அவர் குனிந்து காருக்குள் இருந்த அவளுடைய கட்டைக் காலைப் பார்த்தார். "உங்களுக்கு அங்கிருந்து போகத்தானே வேண்டியிருந்தது? போய்விட்டீர்கள். பிறகு ஏன்?"

"போகவில்லை, கார்மோடி. வெளியே வந்திருக்கிறேன், அவ்வளவுதான்."

போன வசந்தத்தில் ஒரு நாள் அப்படித்தான் நின்றிருந்தார்கள். மெலிந்த ஒரு பையன், முப்பதுக்குள் இருக்கும், பெட்டியோடு வாசலை விட்டு வந்தான். காரைப் பார்த்ததும் நின்றான். உலகம்மாள் கதவைத் திறந்தாள். "உங்களாலதாங்க எல்லாம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவன் வேகமாக நடந்தான். கொஞ்ச தூரம் போவதற்குள் பெட்டியின் அடி பிரிந்து, கோப்பையும் சார்ஜரும் பருப்புப் பொடிப் பாட்டிலும் நடைபாதையில் விழுந்தன. பாட்டில் உடைந்து பொடியெல்லாம் சிதறியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கி, ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடிச் சில்லை ஒன்றொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"விடுங்க மேடம், கையில குத்திடும்."

"மேடம் இல்ல. எந்த ஊரு?"

"பொள்ளாச்சிங்க." அவனும் குனிந்து சார்ஜரை எடுத்தான். "ஊட்ல இன்னும் சொல்லலீங்க. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க."

"எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல தம்பி. நீ சொல்லும்போது நான் பக்கத்துல இருக்கேன். ஏறு."

தெய்வநாயகம் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவன் மிச்சச் சாமான்களை வாரிப் பெட்டியில் போட்டு அடியைக் கையால் தாங்கிக்கொண்டு ஏறினான். அவர் வண்டியைக் கிளப்பினார். உலகம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பாதத்தின் பக்கம் ஒரு கணம் தலையைச் சாய்த்தாள், பிறகு அவர் கைமேல் கை வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ரெண்டு பேரு வாராங்க. ஒருத்தங்க அழுதுக்கிட்டு வாராங்க, மெதுவாத்தான் வருவாங்க."

பையன் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டான்.